சென்னை பிளாட்டில் டைல்ஸ் மேல் மரத் தளம்: தேக்குப் பலகையா, எஞ்சினியர்டு ஓக்கா?

அடையாறுவாசி

வணக்கம். சாஸ்திரி நகர் பக்கம் நாலாவது மாடி பிளாட், கடற்கரைக்குப் பக்கம். இரண்டு படுக்கையறையும் ஹாலும் சேர்த்து 620 சதுர அடிக்கு மரத் தளம் போட இருக்கிறோம். இப்போது இருப்பது 2க்கு 2 அடி விட்ரிஃபைட் டைல்ஸ், பன்னிரண்டு வருஷப் பழசு. உடைத்து எடுக்க அசோசியேஷன் விடாது, அதனால் அதன் மேலேயேதான்.

இரண்டு யோசனை வந்திருக்கிறது.

ஆசாரி சொல்வது: தேக்கு வாங்கி 4 அங்குலப் பலகையாக இழைத்து, ஒன்றுக்குள் ஒன்று செருகும்படி நாக்கும் காடியும் எடுத்து, 2க்கு 1 அங்குல ரீப்பர் (மரச் சட்டம்) அடித்து அதன் மேல் பதிக்கலாம். மெலமைன் பாலிஷ். "பேரன் காலம் வரைக்கும் கிடக்கும்" என்கிறார்.

ஷோரூமில் சொல்வது: எஞ்சினியர்டு ஓக், 14 மி.மீ. கனம், 190 மி.மீ. அகலம், மேலே 3 மி.மீ. நிஜ ஓக், அடியில் ஒட்டுப் பலகை, கிளிக் லாக் (ஓரங்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும்). ஃபோம் விரித்து அதன் மேல் மாட்டிவிடுவார்கள். ஓக் தேக்கைவிடக் கடினம், அதனால் அதுதான் நல்லது என்கிறார்கள்.

ஏசி ராத்திரி மட்டும்தான் ஓடும். வீட்டில் தினமும் ஈரத் துணியால் துடைக்கிற பழக்கம். கரையான் பயமும் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். விலையைவிட, எது எதனால் கெட்டுப்போகும் என்று தெரிந்தால் போதும்.

தச்சுமேசை

சார், முதல்ல ரீப்பரை மறந்துடுங்க. தேக்கா ஓக்கா என்பது அதுக்கப்புறம்.

ரீப்பர் 1 அங்குலம், பலகை முக்கால் அங்குலம், மொத்தம் 44 மி.மீ. தரை உயரும். இப்ப உங்க கதவுக்குக் கீழ 6, 8 மி.மீ. சந்து இருந்தாலே அதிகம். எல்லாக் கதவையும் ஒண்ணரை அங்குலம் அறுக்கணும். அதையாவது அறுத்துடலாம், பாத்ரூம் வாசல்ல இருக்கிற கிரானைட் படியை என்ன பண்ணுவீங்க? அது டைல்ஸ்ல இருந்து ஒரு அங்குலம் உசரமா இருக்கும். 44 மி.மீ. ஏத்தினா படி தரையைவிடப் பள்ளத்துல போயிடும், பாத்ரூம் தண்ணி நேரா மரத்துக்கு வரும். பால்கனி ஸ்லைடிங் டிராக்குக்கும் இதே கதிதான். இது போக, நடந்தா தொம் தொம்னு சத்தம், ரீப்பருக்கு நடுவுல இருக்கிற குழியில கரப்பான். கரையான் வந்தாலும் வெளியில தெரியாது. மேல தேக்கு போட்டுட்டுக் கீழ ரீப்பருக்கு விலை குறைஞ்ச நாட்டு மரத்தைத்தான் போடுவாங்க, கரையான் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

அடுத்தது கடினம். ஷோரூம்ல சொல்றது பொய் இல்லை. மரத்தோட கடினத்தை அளக்கிற ஜாங்கா அளவுல வெள்ளை ஓக் 1360 பவுண்டு, தேக்கு 1000 சுமாருக்கு. ஆனா ஸ்டீல் பீரோவை இழுத்தா ரெண்டுலயும்தான் கோடு விழும். கடினத்தை வெச்சு மரம் தேர்ந்தெடுக்கறது ஷோரூம் பேச்சு. நம்ம ஊர்ல பார்க்க வேண்டியது, ஈரம் ஏறி இறங்கும்போது பலகை எவ்வளவு அகலம் மாறுது என்பதுதான்.

காத்துல ஈரப்பதம் 50 சதவீதம்னா மரத்துக்குள்ள ஈரம் 9 சதவீதத்துல நிக்கும். 65-ன்னா 12 கிட்ட. 80-க்குப் போனா 16. சென்னையில அக்னி நட்சத்திரத்துல மேற்குக் காத்து அடிக்கிறப்ப ஒரு நிலை, ஐப்பசி கார்த்திகை அடைமழையில இன்னொரு நிலை. மரத்துக்குள்ள 4 சதவீதம் ஏத்த இறக்கம்னு வெச்சுக்கங்க. அகலவாக்குல ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஓக் 0.365 சதவீதம் விரியும், தேக்கு 0.186 சதவீதம். இது சாதாரணமா அறுத்த பலகைக்கு. 12 அடி அகல அறையில முழுப் பலகையாப் போட்டு, தடையில்லாம விரியுதுன்னா தேக்கு 27 மி.மீ. தள்ளும், ஓக் 53 மி.மீ. தள்ளும். ரெண்டு பக்கச் சுவரோரமும் 12 மி.மீ. சந்து விட்டாத் தேக்கு ஏறக்குறைய அடங்கிடும். முழு ஓக் அடங்காது, நடுவுல கூடாரம் மாதிரி தூக்கிடும். அதனால முழு மரம்னா தேக்குதான். ஓக் வேணும்னா எஞ்சினியர்டு மட்டும்தான், ஏன்னா அடியில குறுக்கும் நெடுக்குமா ஒட்டின பிளை அந்த விரிவைப் பிடிச்சு நிறுத்துது.

ராத்திரி மட்டும் ஏசி ஓடுறதைப் பத்திக் கவலை வேண்டாம். பாலிஷ் போட்ட பலகை ஒரு ராத்திரியில ஈரத்தை விட்டுடாது. அது வாரக்கணக்குல சராசரியைத்தான் பார்க்கும். கெடுக்கறது ரெண்டு விஷயம். ஒண்ணு, மழைக்காலத்துல வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு மாசம் வெளியூர் போறது. இன்னொண்ணு, ஏசி காத்து நேரா ஒரே இடத்துத் தரையில அடிக்கிறது.

ஸ்லாப்சிவில்

மரத்தைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. அடித்தளத்தைப் பற்றிச் சொல்கிறேன். மரத் தளத்துக்கு வரும் புகார்களை அடி தேடிப் போனால் பெரும்பாலும் கீழே இருக்கும் தளத்தில்தான் போய் நிற்கும்.

நாலாவது மாடி, பன்னிரண்டு வருஷக் கான்கிரீட். கீழிருந்து ஈரம் ஏறும் பிரச்சினை உங்களுக்கு இல்லை. தரைத்தளமாக இருந்திருந்தால் மண்ணிலிருந்து வரும் ஈரத்துக்கு எபாக்ஸி தடுப்புப் பூச்சு இல்லாமல் மரம் போடவே கூடாது என்றிருப்பேன். வெள்ளம் புகுந்த தெருவாக இருந்தால் அதுவும் வேண்டாம், டைல்ஸோடு இருங்கள் என்றிருப்பேன்.

உங்களுக்கு ஈரம் பக்கவாட்டில் வரும். பாத்ரூமை ஒட்டிய சுவர்களின் மறுபக்கம், ஸ்கர்ட்டிங்கை ஒட்டிப் பாருங்கள். பெயின்ட் உப்பியிருக்கிறதா, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, டைல்ஸ் இணைப்பு மட்டும் கறுத்திருக்கிறதா? ஒன்று இருந்தாலும் முதலில் பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங் வேலை, பிறகுதான் மரம். சந்தேகமான இடத்தில் 2 அடிச் சதுரப் பாலிதீன் ஷீட்டை, டைல்ஸ் இணைப்புகள் உள்ளே வரும்படி நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உட்புறம் நீர் முத்துக் கோத்தால் ஈரம் இருக்கிறது என்று முடிவு. கோக்காவிட்டால் இல்லை என்று உறுதியாகாது, சுவர் அறிகுறிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஊசி முனை வைத்த ஈரமானியை டைல்ஸில் குத்திப் பார்த்து "காய்ந்திருக்கு" என்று சொல்பவரை நம்பாதீர்கள். விட்ரிஃபைட் டைல்ஸில் அது ஒன்றும் காட்டாது.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. ஒரு நாணயத்தாலோ சின்னச் சுத்தியின் பிடியாலோ ஒவ்வொரு டைல்ஸையும் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டுங்கள். டொக் டொக் என்று வெற்றொலி கேட்கும் டைல்ஸை சாக்பீஸால் குறியுங்கள். மிதக்கும் தளம் (ஒட்டாமல் விரிப்பின் மேல் சும்மா கிடப்பது) என்றால் டைல்ஸ் ஆடாத வரை அப்படியே விடலாம். ஒட்டுவதாக இருந்தால் அந்த டைல்ஸை எடுத்துக் கலவை நிரப்பியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மரத்தோடு டைல்ஸும் சேர்ந்து பெயரும். நாலைந்து டைல்ஸ் எடுக்க அசோசியேஷன் ஒன்றும் சொல்லாது.

பிறகு மேடு பள்ளம். 3 மீட்டர் நேர்ச் சட்டத்தைத் தரையில் எல்லாத் திசையிலும் வைத்து, அடியில் ஒளி தெரியும் இடத்தை அளவுத் தகட்டால் பாருங்கள். 3 மீட்டருக்கு 5 மி.மீ.க்கு மேல் பள்ளம் கூடாது. அறை ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் பரவாயில்லை. திடீர் மேடும் குழியும்தான் கிளிக் லாக்கை உடைக்கும். பலகை குழியின் மேல் நிற்கும், மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் நாக்கு வளையும், நாளடைவில் பிளந்து கிரீச் என்ற சத்தம் வரும். அந்த நிலையில் சரிசெய்ய வழியில்லை, கழற்றித்தான் ஆக வேண்டும்.

தளத்தைச் சமன் செய்ய, ஊற்றினால் தானே பரவிச் சமமாகும் செல்ஃப் லெவலிங் கலவை. மொத்தப் பரப்பு 57.6 சதுர மீட்டர். 3 மி.மீ. கனத்துக்கு, சதுர மீட்டருக்கு மி.மீ. ஒன்றுக்கு 1.7 கிலோ வீதம் 294 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை 12. முழுக்க ஊற்றத் தேவையில்லாமலே இருக்கலாம், பள்ளத்தில் மட்டும் போதும். வழவழப்பான விட்ரிஃபைட் மேல் ப்ரைமர் இல்லாமல் ஊற்றினால் தகடு தகடாகக் கழன்று வந்துவிடும்.

கரையான்: நாலாவது மாடிக்கும் வரும். குழாய்ச் சந்து, கதவு நிலை வழியாக ஏறும். நிலைகளின் அடிப்பகுதியை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கட்டிய கட்டடத்துக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி. துளை போட்டு மருந்து செலுத்தும் வேலை எதுவானாலும் மரத் தளத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பிறகு துளை போட்டால் பலகையில்தான் போட வேண்டியிருக்கும்.

கோவைமரக்கடை

தேக்கு வேண்டாம்னு யாரும் சொல்லலைங்க, ரீப்பர் வேண்டாம்னுதான் சொல்றாங்க. ரீப்பர் இல்லாம 15 மி.மீ. தேக்குப் பலகையை டைல்ஸ் மேல நேரா ஒட்ட முடியும். அப்படி முடிவு பண்ணினா வாங்கறப்ப ஏமாறாம இருக்க ரெண்டு வார்த்தைங்க.

"பர்மா தேக்கு"ங்கற பேரை வெச்சு வாங்காதீங்க. மியான்மர் 2014 ஏப்ரல்ல இருந்தே உருட்டு மரமா ஏற்றுமதி பண்றதை நிறுத்திருச்சு. கடையில இருக்கறதுல ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காத் தோட்டத் தேக்கு நிறைய. தோட்டத் தேக்கு மோசமில்லைங்க, ஆனா இளமரமா வெட்டினதுன்னா ஓரத்துல வெள்ளை (வைரம் பாயாத வெளிப்பகுதி) அதிகம். வைரம் பாஞ்ச பகுதியைத்தான் கரையான் லேசுல தொடாது. வெள்ளை, தேக்கே ஆனாலும் அதுக்குச் சாப்பாடுதான். பலகையில வெள்ளை ஓடியிருந்தா ஒதுக்கிருங்க. "பாலிஷ் போட்டா ஒரே கலர் ஆயிரும்"னு சொல்லித்தான் தள்ளிவிடுவாங்க.

கன அடிக் கணக்கு: 4 அங்குலமா அறுத்த பலகை, இழைச்சு நாக்கு எடுத்தா மூணரை அங்குலம்தான் தரையை மூடும். 620-ஐ 4-ஆல பெருக்கி மூணரையால வகுத்தா 709 சதுர அடி. அறுத்த கனம் 1 அங்குலம்னா 59 கன அடி. கணு, வெடிப்பு, வெள்ளைக்கு 15 சதவீதம் சேர்த்தா 68. ஆசாரி 52 கன அடின்னு சொன்னாருன்னா, அவரு 620-ஐ 12-ஆல வகுத்திருக்காரு, கழிவே சேர்க்கலை. பாதி வேலையில வேற லாட் மரம் வாங்க ஓடுவீங்க, நிறம் சேராது.

முக்கியமானது சீசனிங்குங்க. சூளையில உலர்த்தின மரம்னு எழுதிக் குடுத்தாலும், ஒரு பலகையை நடுவுல குறுக்கா அறுத்து, அறுத்த முகத்துல ஈரமானியைக் குத்துங்க. மேல்பரப்புல குத்தினா 11 காட்டற மரம் நடுவுல 17 காட்டும். 10-ல இருந்து 12-க்குள்ள இருந்தா எடுங்க. அப்புறம் உங்க வீட்டுக்குள்ளயே இடைக்கட்டை வெச்சு அடுக்கி ரெண்டு வாரம் விடுங்க. மானி ஒரே எண்ணுல நிக்கற வரைக்கும் ஆசாரியைக் கை வைக்க விடாதீங்க.

இன்னொண்ணுங்க. தேக்குல எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டறதுக்கு முன்னாடி அடிப்பக்கத்தையும், பாலிஷுக்கு முன்னாடி மேல்பக்கத்தையும் தின்னர் நனைச்ச துணியால துடைச்சுக்கணும். துடைச்ச அன்னிக்கே ஒட்டிரணும், விட்டா எண்ணெய் மறுபடி மேல வந்திரும். வாசம் அடங்கற வரைக்கும் ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்துல விளக்கு கிளக்கு ஏத்தாதீங்க.

பாலிஷ்பட்டறை

தரைக்கு மெலமைன் வேண்டாங்க. அலமாரிக்கு நல்லாயிருக்கும், ஆனா அந்தப் படலம் முறுகலா இருக்கும். மரம் விரிஞ்சு சுருங்கும்போது ஒவ்வொரு இணைப்புலயும் முடி மாதிரி வெள்ளைக் கீறல் விழும். நாற்காலி இழுத்தா வெள்ளைக் கோடு. ஒரு இடத்துல மட்டும் தொட்டுச் சரிபண்ணவும் முடியாது, அறை முழுக்கச் சுரண்டணும்.

தேக்குப் பலகை போட்டால் வாட்டர் பேஸ்டு பி.யூ. (பாலியூரிதேன்), ரெண்டு பாகம் கலக்கிற வகை, மூணு கோட். தேய்ப்பு உப்புத்தாள் நம்பர் 40, 60, 80, 120 என்று வரிசையாகப் போகணும், நடுவுல ஒண்ணைத் தாண்டினால் 40-ன் வட்டக் கீறல் பி.யூ. போட்டதும் பளிச்சென்று தெரியும். இல்லை, ஹார்ட்வாக்ஸ் ஆயில் (மெழுகு கலந்த எண்ணெய்) போடலாம். பளபளப்பு இருக்காது, வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் கேட்கும், ஆனால் கெட்ட இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்யலாம். என் ஓட்டு இதற்குத்தான். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீங்க, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வைத்த பிறகு போடுங்க.

எஞ்சினியர்டு ஓக்கில் பாலிஷ் ஃபேக்டரியிலேயே வந்துவிடும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் 3 மி.மீ. ஓக்கை எத்தனை தடவை தேய்க்கலாம் என்று கணக்குப் போட்டுக்கங்க. ஒரு முழுத் தேய்ப்புக்கு அரை முதல் முக்கால் மி.மீ. போகும். ரெண்டு தடவை தாராளம், மூணாவது பயந்துகொண்டே. 1 மி.மீ.க்குக் குறைவாக இருப்பதை வாங்கினால் தேய்ப்பே கிடையாது.

துடைக்கும் பழக்கத்தை மாற்றத்தான் வேணும். வாளித் தண்ணீர், ஃபினாயில், ரெண்டும் கூடாது. மைக்ரோஃபைபர் துணியை நல்லாப் பிழிந்து, துடைத்த இடம் ஒரு நிமிஷத்தில் காய்கிற அளவு ஈரம் போதும். வேலைக்கு வரும் அம்மாவிடம் முதல் வாரமே காட்டிக் கொடுத்துடுங்க, தரையே பிழைப்பது அதில்தான் இருக்கு. ஸ்டீம் மாப் வேண்டாம், வினிகரும் வேண்டாம்.

ஓக்குக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் நீலங்கலந்த கறுப்புக் கறை விழும். ஸ்டீல் பீரோ கால், இரும்பு ஸ்டாண்டு, பூந்தொட்டி அடியில் ரப்பரோ ஃபெல்ட்டோ கட்டாயம். விழுந்துவிட்டால் ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் எடுக்கும், ஆனால் பாலிஷைச் சுரண்டிவிட்டுத்தான் போட முடியும். ஊஞ்சல் இருந்தால் கால் உரசும் இடம் முதலில் தேயும், அங்கே ஒரு பாய் போடுங்க.

அடையாறுவாசி

எல்லோருக்கும் நன்றி. இந்த அளவு விவரம் ஷோரூமில் யாரும் சொல்லவில்லை. ரீப்பரும் மெலமைனும் கிடையாது. வீட்டுக்குள் இரண்டு வாரம் மரம் அடுக்கி, இழைத்து, தேய்த்துத் தூசி கிளப்ப இடமில்லை என்பதால் எஞ்சினியர்டு ஓக் பக்கம் சாய்கிறோம்.

மீதிக் கேள்விகள்: ஒட்டுவதா, மிதக்கவிடுவதா? இரண்டு படுக்கையறையிலும் சுவரோடு சேர்த்த வார்ட்ரோப் தரைவரை இருக்கிறது, அதன் அடியில் போக வேண்டுமா? ஷோரூம் கொடுத்த மாதிரித் துண்டைத் தரம் பார்க்க வழி உண்டா? எந்த மாசத்தில் போடுவது?

தச்சுமேசை

மாதிரித் துண்டுக்கு முதல்ல பதில். பக்கவாட்டுல அறுத்த முகத்தைப் பாருங்க. அடிப்பகுதி மெல்லிசான பிளை அடுக்கா இருக்கணும், பிர்ச்சோ யூகலிப்டஸோ. மரத்தூளை அமுக்கின ஹெச்.டி.எஃப்.பா இருந்தா சென்னைக்கு வேண்டாம். ஒரு தடவை தண்ணி குடிச்சா ஓரம் வீங்கி நிக்கும், காஞ்சாலும் இறங்காது. 3 மி.மீ.ன்னு சொன்ன ஓக்கை நீங்களே அளந்து பாருங்க, நாக்குக்கு மேல எவ்வளவு இருக்குங்கறதுதான் கணக்கு. அந்த ஓக் ரம்பத்துல அறுத்ததா, உரிச்சு எடுத்ததான்னு கேளுங்க. பென்சில் சீவற மாதிரி சுத்தி உரிச்சதுல ஏசி காத்துக்கு மயிர்க்கோடு வெடிப்பு வரும்.

அப்புறம் 3 அங்குலத் துண்டு ஒண்ணை நாலு மணி நேரம் தண்ணியில முக்கி, ஒரு நாள் வெயில்ல காய வைங்க. இதே மாதிரி மூணு தடவை. எந்த அடுக்காவது நகம் நுழையற அளவு பிரிஞ்சா அந்தப் பிராண்டு வேண்டாம். இதுக்குத் துண்டு தரத் தயங்கினாங்கன்னா அதுவே பதில்தான்.

நான் ஒட்டத்தான் சொல்வேன். சத்தம் இல்லை, மிதிச்சா கல்லு மாதிரி நிக்கும், பலகை தனித்தனியா அடியோட பிடிச்சிருக்கிறதால அறை முழுக்கச் சேர்ந்து தள்ளாது. டைல்ஸ் மினுமினுப்பை டைமண்ட் கப் வீல்ல உரசி எடுத்து, தூசியை வேக்யூம்ல இழுத்து, எம்.எஸ். பாலிமர் பசை. சதுர மீட்டருக்கு 1 முதல் 1.2 கிலோ, உங்களுக்கு 70 கிலோ, 15 கிலோ டப்பா அஞ்சு. நடு நடுவுல ஒரு பலகையைத் தூக்கிப் பாருங்க, அடிப்பக்கம் முக்கால்வாசிக்கு மேல பசை படிஞ்சிருக்கணும். பொட்டுப் பொட்டா வெச்சு ஒட்டினா வேலையை நிறுத்துங்க. கிளிக் லாக் பலகையை ஒட்டலாம்னு தயாரிப்பாளர் கையேட்டுல இருக்கான்னும் பார்த்துக்கங்க.

ஸ்லாப்சிவில்

இங்கே எனக்கு மாற்றுக் கருத்து. ஒட்டியதைப் பின்னால் எடுக்க நேர்ந்தால் டைல்ஸோடு சேர்ந்துதான் வரும், அப்போது அசோசியேஷன் தடுத்த அதே இடிப்பு வேலை. பன்னிரண்டு வருஷ டைல்ஸின் பிடிப்பை நம்பி அதன் மேல் பசை போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. இவருக்கு மிதக்கும் தளமே பொருத்தம், ஆனால் 2 மி.மீ. வெள்ளை ஃபோம் வேண்டாம். அது சீக்கிரமே நசுங்கி, அந்த வெற்றுச் சத்தம் தரும். அடர்த்தியான ரப்பர் அல்லது கார்க் விரிப்பு, 2 முதல் 3 மி.மீ., ஈரம் தடுக்கும் படலம் ஒட்டியது. கீழ்வீட்டுக்கும் காலடிச் சத்தம் குறையும்.

மிதக்கவிட்டால் அதை எங்கும் ஆணி அடித்துப் பூட்டக் கூடாது. வார்ட்ரோப்பின் அடியில் போக வேண்டாம். அதன் முன்பலகையிலிருந்து 10 மி.மீ. விட்டு நிறுத்தி, மூலைப் பட்டியால் மூடுங்கள். ஸ்கர்ட்டிங்கைச் சுவரில்தான் அறைய வேண்டும், பலகையில் அல்ல. டோர் ஸ்டாப்பரைத் தரையில் துளைத்துப் பொருத்த யாராவது வருவார், சுவரில் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அறை வாசலிலும் தளத்தை வெட்டி, கதவுக்கு நேர் கீழே டி (T) வடிவப் பட்டி. பட்டி அசிங்கமாக இருக்கிறது என்று மூன்று அறையையும் ஒரே தொடராகப் போடச் சொல்வார்கள், குறுகிய வாசல் கழுத்தில்தான் பிறகு பிதுங்கும்.

தச்சுமேசை

மிதக்கவிடறதுன்னா அவர் சொல்ற ரப்பர் விரிப்பு சரி. ஒட்டறதா இல்லையாங்கறதை டைல்ஸைத் தட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. பத்துல ஒண்ணுக்கு மேல டொக்குன்னு கேட்டா நானும் மிதக்கத்தான் விடுவேன்.

பலகைக் கணக்கை முதல்லயே போட்டுடுங்க. 12 அடி அறைன்னா 3658 மி.மீ., ரெண்டு பக்கமும் 12 விட்டா 3634. 190-ஆல வகுத்தா 19 பலகை போக 24 மி.மீ. துண்டு கடைசியில நிக்கும். அந்தச் சில்லு பிடிக்காது, பார்க்கவும் நல்லாயிருக்காது. அதனால ஒரு முழுப் பலகையையும் அந்த 24-ஐயும் சேர்த்து 214, பாதி 107. முதல் வரிசை 107, கடைசி வரிசை 107, நடுவுல 18 முழுப் பலகை. முனை இணைப்புகள் பக்கத்து வரிசைக்கு 200 மி.மீ.யாவது தள்ளி வரணும்.

கதவு நிலையைச் சுத்திப் பலகையை வளைச்சு வெட்டி சிலிக்கான் அடைக்க விடாதீங்க. பலகைத் துண்டையும் விரிப்பையும் நிலை பக்கத்துல வெச்சு, அந்த உயரத்துக்கு நிலையோட அடியை அறுத்து, பலகையை உள்ள சொருகணும். கதவை 20 மி.மீ. அறுத்தாப் போதும்.

மரம் போடக் கூடாத இடம்: மெயின் டோர் உள்பக்கம் 3 அடி, பால்கனி ஓரம் 2 அடி. அங்க இருக்கிற டைல்ஸே இருக்கட்டும், நடுவுல உயர வித்தியாசத்தை மூடற ரெட்யூசர் பட்டி. செருப்பு மண்ணும் சாரலும் அதோட நின்னுடும். பூஜை விளக்கு இருக்கிற மூலையும் அப்படியே. இதையெல்லாம் கழிச்சா உங்க 620 குறையும், குறைஞ்ச அளவுக்கு 8 சதவீதம் கழிவு சேர்த்து ஆர்டர் குடுங்க. அதோட அதே லாட்ல ஒரு பெட்டி எடுத்துப் பரண்ல போட்டுடுங்க.

மாசம்: பிப்ரவரி, மார்ச். மழையில போட்டா சித்திரையில இடுக்கு விழும். மே மாசம் போட்டா ஐப்பசியில நெருக்கும். பெட்டியைப் பிரிக்காம வீட்டுல மூணு நாள் படுக்க வெச்சு, வழக்கம்போல ஏசி போட்டு இருங்க.

பாலிஷ்பட்டறை

ஒருவேளை பின்னாளில் பாத்ரூம் வாசலில் தண்ணீர் இறங்கிப் பலகை ஓரம் தூக்கிக் குழிந்தால், உடனே மெஷின் வைத்துத் தேய்க்க விடாதீங்க. அடியில் ஈரம், மேலே உலர்வு, அதனால்தான் ஓரம் தூக்குது. கசிவை நிறுத்தி, ஃபேன் போட்டுக் காய விடுங்க. பாதி தானாக இறங்கும். ஈரத்தோடு தூக்கின ஓரத்தைத் தேய்த்துவிட்டால், காய்ந்த பிறகு நடு மேடாகி நிற்கும், அதற்குள் 3 மி.மீ.யில் ஒன்று போயிருக்கும்.

ஸ்லாப்சிவில்

பணம் கட்டுவதற்கு முன் வாரண்டித் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வீட்டுக்குள் ஈரப்பதம் 35 முதல் 55 அல்லது 60 சதவீதத்துக்குள் எப்போதும் இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். ராத்திரி மட்டும் ஏசி போடும் கடலோர வீட்டில் கார்த்திகை மாசம் அந்த வரம்பு தாண்டாமல் இருக்காது, அதைக் காட்டியே புகாரைத் தள்ளிவிடலாம். சென்னை நிலவரத்துக்கு எந்த வரம்புவரை பொறுப்பு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மிதக்கும் முறை, விரிப்பின் பெயர், சந்தின் அளவு ஆகியவற்றையும் அதே தாளில் சேர்க்கச் சொல்லுங்கள். 500 ரூபாய்க்குள் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை ஹால் சுவரில் மாட்டி, வேலை நடக்கும் நாட்களில் அளவை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.